ஏரிக்கரைக் குதிரைகளுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டி நான்காம் முறையாக மனு

நாள்: 09.02.2026

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், ஏரிச்சாலை.
(பெயர், முகவரி, கைபேசி எண் மனுவின் பின்பக்கம்)

பெறுநர்:
உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
கோட்டாட்சியர் அலுவலகம்.

பொருள்: ஏரிக்கரை குதிரை நிறுத்தத்தில் அகற்றப்பட்ட குடிநீர்க் குழாயை மீண்டும் பொருத்தித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது மனுக்கள், நாள் 11.03.2024, 02.09.2024, 16.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று மனுக்களுக்கும் ரசீது என்னிடம் உள்ளது; பதில் இல்லை. இந்த மலையில் பல ஆண்டுகள் கால்நடை மருத்துவராகப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் இங்குள்ள குதிரைகளுக்கு இரவில் அழைப்பு வந்தால் போய்ப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கனிவான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

1. படகுத்துறைக்கு எதிரே, யூகலிப்டஸ் மரங்களின் அடியில் உள்ள குதிரை நிறுத்தம் தாங்கள் அறிந்ததே. அங்கே சுவரை ஒட்டி ஒரு குழாய் இருந்தது. 2023 கடைசியில் நடைபாதைக்குக் கல் பதித்தபோது அதை எடுத்தார்கள். வேலை முடிந்ததும் போட்டுவிடுவோம் என்றார்கள். வேலை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது.

2. நம் ஊர் மட்டக்குதிரை 200 முதல் 250 கிலோ எடை இருக்கும். சும்மா நின்றாலே நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். சவாரி ஓடும் நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு. சீசனில் காலை எட்டு மணிக்கு வரும் குதிரை இருட்டும்வரை அங்கேயேதான் நிற்கிறது. "குளிர் பிரதேசம்தானே, தாகம் எடுக்காது" என்று ஓர் அலுவலர் என்னிடம் சொன்னார். குளிரில் குதிரை தானாகவே குறைத்துக் குடிக்கும் என்பதுதான் ஐயா ஆபத்து. தின்பது காய்ந்த வைக்கோலும் சோளத்தட்டையும். மாட்டைப்போல் அசைபோடும் வயிறு அதற்குக் கிடையாது. வாந்தி எடுக்கவும் முடியாது. பெருங்குடல் இடுப்பருகே மடங்கித் திரும்பும் இடத்தில் சட்டென்று குறுகும். ஈரம் வற்றிய தீவனம் அங்கேதான் கட்டிக்கொள்கிறது. கோலிக் என்று நாங்கள் சொல்லும் வயிற்றுவலி பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது. ஏரியில் இறக்கிக் குடிக்க வைக்கலாமே என்றால், கரை நெடுகக் கம்பிவேலி. வேலி இல்லாத இடத்தில் இறக்கினால் அபராதம்.

3. 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று சாலையில் கார் நகரவில்லை, அவ்வளவு கூட்டம். இரவு பத்து மணிக்கு ஒரு பையன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். அவன் அப்பா அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த செவலைப் பெண் குதிரை. எட்டு மாதச் சினை. குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். சினை கனத்துவிட்டதால் அவன் சேணம் போடுவதை நிறுத்தியிருந்தான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நிறுத்தத்திலேயே கட்டி வைத்திருந்தான். அன்று முழுக்க அது குடித்தது, டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவ வைத்திருந்ததில் அரை வாளி.

நான் போனபோது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. அந்தக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செங்கல் நிறம், விரலில் ஒட்டியது. நிமிடத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டிய இதயத்துடிப்பு 92. வயிற்றில் எந்தப் பக்கம் காது வைத்தாலும் சத்தமே இல்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். குடல் மடங்கும் இடத்தில் லத்தி சுட்ட செங்கல்போல் கெட்டியாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் குட்டி அசைந்தது, என் விரல் நுனியில் தெரிந்தது.

மூக்குவழிக் குழாய் போட்டு, கட்டியதை இளக்கும் லிக்விட் பாரஃபின் எண்ணெயும் வெந்நீரும் செலுத்தினேன். வலிக்கு ஊசி போட்டேன். நரம்பில் ஏற்ற என்னிடம் இருந்தது ஒன்பது பாட்டில் சலைன், நாலரை லிட்டர். அந்த நிலையில் ஒரு குதிரைக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் வசதி மலையில் கிடையாது. வண்டியில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கினால் பாதி வழி தாங்காது. பையன் எங்கிருந்தோ ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அதன் வாயருகே பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றான். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மேல் படுத்தது, எழவில்லை. குட்டி ஏறத்தாழ 300 நாளாவது வயிற்றில் இருந்தால்தான் வெளியே பிழைக்க வாய்ப்பு உண்டு. எட்டு மாதக் குட்டியை எடுத்தும் பயனில்லை என்று அவனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஐயா, அரை அங்குலக் குழாய் ஒன்று. அதற்காகத்தான் மூன்று மனு.

4. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கும் விலங்குக்குப் போதிய தண்ணீர் தராதது உரிமையாளரின் குற்றம். சென்ற சீசனில் இரண்டு பேருக்கு அபராதம் போட்டார்கள். சட்டம் சரியே, நானே பல முறை குதிரைக்காரர்களைக் கண்டித்திருக்கிறேன். புண்ணான முதுகில் சேணம் போட்டவரோடு சண்டையே பிடித்திருக்கிறேன். ஆனால் இருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் தரவில்லை என்று அவர்கள் மேலேயே வழக்குப் போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? தண்ணீரைத் தலையில் சுமந்து மேட்டில் ஏறச் சொல்கிறீர்களா?

5. நிதி வந்ததும் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டித் தருவோம் என்று வாய்மொழியாக ஒருமுறை சொன்னார்கள். தயவுசெய்து தொட்டி கட்ட வேண்டாம். பல குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைத்தால், தாடைக்கடியில் கட்டி வரும் ஸ்ட்ராங்கிள்ஸ் நோய் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். அதைவிடக் கொடியது கிளாண்டர்ஸ். அது மனிதருக்கும் தொற்றும். இரத்த மாதிரி ஹரியானாவில் ஹிசாரில் உள்ள குதிரை ஆராய்ச்சி மையம்வரை போய் உறுதியானால் சிகிச்சை கிடையாது, குதிரையைக் கருணைக்கொலைதான் செய்ய வேண்டும். அதனால் கேட்பது குழாய் மட்டும். வாளி அவரவருடையது, ஒருவர் வாளி மற்றவர் குதிரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். நீர் தேங்காமல் பக்கத்து வடிகாலில் இறங்க ஒரு சாய்வு போதும்.

6. குழாய் இருந்த இடத்தில் இப்போது செல்ஃபி எடுக்கும் பலகை நிற்கிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை. குழாயை இரண்டடி தள்ளிப் போடுங்கள் என்றுதான் கேட்டேன். சாலை எங்களுடையது இல்லை என்றார் ஒருவர். தண்ணீர் எங்களுடையது, இடம் எங்களுடையது இல்லை என்றார் அடுத்தவர். கால்நடை என்றால் கால்நடைத் துறைக்குப் போங்கள் என்றார் மூன்றாமவர். அந்தத் துறையில்தான் ஐயா நான் வேலை பார்த்தேன், அங்கே குழாய் போடுபவர் இல்லை! இணையவழியில் கொடுத்த புகாரை "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்து வைத்திருக்கிறார்கள். என்ன நடவடிக்கை? யார் வந்து பார்த்தார்கள்? நாங்கள் தினமும் அங்கேதானே நிற்கிறோம்.

என் சொல்லில் கடுமை இருந்தால் பொறுத்தருள வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு எனக்குப் பொறுமை குறைந்துவிட்டது.

குழாய்க்கான செலவையும் மாதத் தண்ணீர்க் கட்டணத்தையும் குதிரைக்காரர்கள் பகிர்ந்து கட்டத் தயாராக உள்ளனர், கையொப்பம் இணைத்துள்ளேன். அரை நாள் வேலை என்று பிளம்பர் சொல்கிறார். வேண்டியது அனுமதி மட்டும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி குறுக்கே வரும், அதற்குள் ஏப்ரல் சீசன் தொடங்கிவிடும். ஆகவே இம்மாதத்துக்குள் தாங்கள் நேரில் ஒருமுறை வந்து பார்த்து, படகுத்துறை எதிரில் குதிரைகளுக்கு ஒரு குழாய் போட உத்தரவிடுமாறு மீண்டும் மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள், எந்த நேரம் என்று சொன்னால் போதும், நான் அங்கே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்