வெந்நீர் முதலில், ஐஸ் கடைசியில்

ஜெலுத்தோங், பினாங்கு
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். வாட்ஸ்அப் புலனத்தில் தினமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டாலும், உன் கையெழுத்தைப் பார்க்கும்போது நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞாபகம் வந்துவிடுகிறது.

தீபாவளிக்கு இங்கே வந்தபோது நான் கொடுத்த குளிர்ந்த சாக்லேட் பாலைப் பேரனுக்குச் செய்து பார்த்தாயாம். தூளெல்லாம் மேலே மிதந்ததாம். பையன் ஒரு வாய் குடித்துவிட்டு “மண்ணு மாதிரி இருக்கு பாட்டி” என்று வைத்துவிட்டானாம். செந்தூல் வெயிலில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு ஆசையாகச் செய்தது வீணானால் மனசு எவ்வளவு கஷ்டப்படும் என்று எனக்குத் தெரியும். முதலில் அதைச் சரிசெய்துவிடுவோம்.

நீ குளிர்ந்த பாலில் கொக்கோ தூளை நேராகப் போட்டிருக்கிறாய். அது ஒன்றுதான் தவறு. கொக்கோ தூள் சீனி மாதிரி கரையாது. அரைத்த கொட்டைதான் அது, பாலுக்குள் பொடிப்பொடியாகப் பரவித்தான் நிற்கும். கொட்டையிலிருந்து அதன் கொழுப்பான கொக்கோ நெய்யைப் பிழிந்து எடுத்த பிறகும் தூளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு, சில வகைகளில் இருபது பங்குக்கு மேல்கூட, அந்த நெய் தங்கிவிடுகிறது. குளிர்ந்த பாலில் நெய் உறைந்தே கிடப்பதால் தூளை நனைய விடாது. வெளியே ஈரம் பட்டு, உள்ளே காய்ந்த மாவோடு உருண்டை உருண்டையாக மிதக்கும். பாயசத்துக்கு மாவை முதலில் தனியாகக் கரைத்துக்கொண்டுதானே ஊற்றுவோம், அதே கணக்குத்தான் இது.

சரி, இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கிளாசுக்குச் சீனி கலக்காத கொக்கோ தூள் இரண்டு தேக்கரண்டி, குவித்து எடு. சீனி இரண்டு தேக்கரண்டி. உப்பு இரண்டு விரலால் கிள்ளுகிற அளவு. உப்பை விட்டுவிடாதே, கசப்பைத் தணிக்கிறது அதுதான். மூன்றையும் காய்ந்தபடியே கலந்துகொள். சீனி தூளுக்கு இடையில் புகுந்துவிட்டால் கட்டி தட்டாது. இதில் கொதிக்கிற தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய். குழைந்து பளபளவென்று வர வேண்டும். அந்த மினுமினுப்பு வரும்வரை பால் பக்கம் போகாதே. நான் அடுப்பில் வைத்து ஒரு நிமிஷம் கொதிக்கவும் விடுவேன். கொக்கோவில் கொஞ்சம் மாவுச்சத்து இருக்கிறது, சூட்டில் அது ஊறிப் பருத்துக் குடிக்கும்போது நாக்கில் ஒரு கனம் தரும்.

அப்புறம் மூடியுள்ள போத்தலில் அந்த விழுதை வழித்துப் போட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பால் முக்கால் கிளாஸ் ஊற்றி, ஐஸ் கட்டி நான்கைந்து போட்டு, மூடியை இறுக்கி அரை நிமிஷம் நன்றாகக் குலுக்கு. மிக்சியே வேண்டாம். போத்தல் இல்லையென்றால் இரண்டு மங்குகளில் தே தாரிக் மாதிரி உயர்த்தி ஊற்றி ஆற்று. நுரை வரும், அடியில் தங்கிய தூளும் கலந்துவிடும்.

ஒரு விஷயம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். விழுதைச் சூடாக ருசி பார்க்கும்போது சற்றுத் தூக்கலாக இனித்தால்தான் ஐஸ் போட்ட பிறகு சரியாக இருக்கும். ஐஸ் உருகித் தண்ணீராகிவிடுகிறது என்றால், அந்தச் சாக்லேட் பாலையே கொஞ்சம் ஐஸ் தட்டில் ஊற்றி முதல்நாள் இரவே உறைய வைத்துவிடு. இந்த வெயிலுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். இங்கே மழை கண்டு பல நாளாகிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை கொடுக்கும், அதனால் எங்கள் அடுக்குமாடியில் எல்லாரும் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

விழுதைத் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு நம் பாகான் டத்தோ தோட்டத்து ஞாபகம்தான். தென்னை மரங்களுக்குக் கீழே வரிசையாகக் கொக்கோ. கிளையில் காய்க்காமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்குமே, மஞ்சளும் சிவப்புமாக. நம் அம்மாக்கள் காய்களை உடைத்துப் போட, நாம் பள்ளிவிட்டு நேராக அங்கே ஓடுவோம். கொட்டையைச் சுற்றி இருக்கும் வெள்ளைச் சதையைச் சப்புவதற்கு என்ன அடிதடி! மங்குஸ்தீன் போலப் புளிப்பும் இனிப்பும். சப்பிவிட்டுக் கொட்டையை வாளியில் துப்ப வேண்டும், சப்புவதைப் பார்த்துவிட்டால் தோட்டத்துக் கணக்கரான கிராணி திட்டுவார். சதை போய்விட்டால் கொட்டை சரியாகப் புளிக்காது என்று திட்டினார் என்பது எனக்கு இவ்வளவு வயசான பிறகுதான் புரிந்தது. அந்தச் சதையில் உள்ள இனிப்பு முதலில் சாராயமாகிப் பிறகு காடியாகிறது. அதில்தான் கொட்டைக்கு மணம் பிடிக்கத் தொடங்குகிறது. மரப்பெட்டியில் கொட்டி வாழை இலை போட்டு மூடியிருப்பார்களே, நீ ஒருநாள் உள்ளே கைவிட்டுவிட்டு “சுடுதுடி” என்று கத்தினாய். அடுப்பே இல்லாமல் 45, 50 டிகிரி வரை தானாகச் சூடேறும் குவியல் அது. பிறகு வெயிலில் காய வேண்டும், பிறகு வறுபட வேண்டும். இத்தனை சூடு பார்த்து வந்ததை நாம் ஐஸ் பாலில் எறிந்தால் அது எப்படி வாய் திறக்கும்? வெந்நீர் ஊற்றிய நொடியில் எழும் வாசனையை முகர்ந்து பார், நான் சொல்வது புரியும்.

இவ்வளவும் நம் கண்முன்னே நடந்தும், அந்தக் கொட்டையில் செய்த சாக்லேட்டை நம் பெற்றோர் ஒருநாளும் ருசித்ததில்லை. அம்மாவின் விரலிடுக்கில் கொக்கோ கறை போகவே போகாது. ஆனால் வீட்டில் கொக்கோ தூள் இருந்ததே இல்லை. மைலோ டின் மட்டும் அலமாரியின் மேல்தட்டில், விருந்தாளி வந்தால்தான் இறங்கும். முதல் தடவை பேக்கரி சாமான் கடையில் கொக்கோ தூள் வாங்கி வந்து அடுப்பில் கொதிக்கவிட்டபோது, அம்மா இருந்திருந்தால் முதல் கிளாஸ் அவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

தூள் வாங்கும்போது கறுப்புச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து வாங்கு. சோடா உப்பு மாதிரியான காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தியது அது, புளிப்புக் குறைவு, பாலிலும் சுலபமாகக் கலக்கும். 1828இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோ நெய்யைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள், அந்தக் காரப்பொருள் சேர்க்கும் வழியும் அவர்கள் வீட்டில் வந்ததுதான். வெளிறிய தூள் கெட்டதில்லை, கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான்.

பேரன் மைலோதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மறுக்காதே. அது வேறு பானம், அதன் ருசியே மால்ட் ருசி, கொக்கோ அதில் துணைக்குத்தான். அதற்கும் இதே வழி: முதலில் கொஞ்சம் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, பிறகு பாலும் ஐஸும். விளையாட்டுப் போட்டி அன்று பள்ளிக்குப் பச்சை மைலோ வேன் வந்து சின்னக் காகிதக் கோப்பையில் கொடுத்ததை மறந்திருக்க மாட்டாய். அந்த ருசி வீட்டில் வராததற்கு நம் வீட்டில் கெட்டியாகக் கரைக்கக் கட்டுப்படியாகாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு டின்னை ஒரு மாதம் ஓட்ட வேண்டுமே.

உன் வீட்டுக்காரருக்குச் சீனி அளவு கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கவலையாக இருக்கிறது. கடையில் அவர் மைலோ ஐஸ் குடிப்பதை நிறுத்தச் சொல். தூளிலேயே சீனி இருக்கிறது, அதன்மேல் டின் பாலும் ஊற்றுகிறார்கள். வீட்டில் கொக்கோவைச் சீனியே இல்லாமல், உப்பும் ஒரு துண்டு பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்துப் பாலில் கலந்து கொடுத்துப் பார். முதல் இரண்டு நாள் முகம் சுளிப்பார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், இப்போது அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறார். பாலிலும் இயற்கையாக இனிப்பு உண்டு, அதனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. என் முழங்கால் வலி மட்டும் படியிறங்கும்போது இருக்கிறது.

பள்ளி விடுமுறையில் பெரியவன் கார் எடுத்துக்கொண்டு தெலுக் இந்தான் வரை போகிறான். பாகான் டத்தோவுக்கு அங்கிருந்து தூரமில்லை. தோட்டத்தில் லயத்து வீடுகள் இருந்த இடத்தையும், தென்னைக்கடியில் ஒரு கொக்கோ மரமாவது மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. நீயும் பேரனைக் கூட்டிக்கொண்டு வாயேன். காய் கிடைத்தால் அவனுக்கு உடைத்துக் கொடுக்கலாம். எந்தத் தேதி தோது என்று சீக்கிரம் எழுது, அதற்குத் தகுந்த மாதிரி பெரியவனை லீவு போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி