ஏற்காட்டு மலைக்கு உதவி வேண்டியது ஜூன் முதல் அக்டோபர் வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் நகரக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்தும் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்தான் பங்கு) மற்ற கிறிஸ்தவ சபைகளிலிருந்தும் ஏற்காட்டுக்கு உதவிப் பொருள்கள் அதிகம் ஏறுவது டிசம்பரில்தான். அரிசி, கம்பளி, கேக், புதுத்துணி எல்லாம் கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரத்தில் குவிகின்றன. கொடுப்பவர்கள் மனதில் குறை இல்லை, மாதம்தான் தவறு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நடக்கும். தோட்டக் கூலிக் குடும்பத்தில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை கிடைக்கிற காலம் அது. மிளகும் பறித்து முடிந்தபின் ஆள் தேவை குறைந்துவிடும். கிளை வெட்டும் கவாத்து, களையெடுப்பு என்று வேலை இருந்தாலும் எல்லாருக்கும் தினமும் கிடைக்காது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. ஜூனில் படிப்புச் செலவு வேறு வந்து நிற்கும். மளிகைக் கடையில் பாக்கி ஏறுவது ஜூன் முதல் அக்டோபர் வரையிலான இந்த ஐந்து மாதங்களில்தான். கோயில்களின் கையில் பணம் இல்லாததும் இதே மாதங்களில்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சேர்ந்த காணிக்கை அதற்குள் செலவாகியிருக்கும், கிறிஸ்துமஸ் வசூலுக்கு இன்னும் நாள் இருக்கும்.

வசூலை மாற்ற வேண்டாம், மக்கள் மனமுவந்து கொடுக்கும் காலம் அது. செலவை மாற்றினால் போதும். டிசம்பரிலும் தவக்காலத்திலும் சேர்வதில் பாதியையாவது தனி வங்கிக் கணக்கில் வைத்து, ஐந்தாகப் பிரித்து, மாதம் ஒரு பை என்று கொடுக்கலாம்.

பைக்குள் என்ன வைப்பது என்பதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. அரிசி அட்டை உள்ள குடும்பத்துக்கு ரேஷனில் அரிசி இலவசம். அந்த வீட்டுக்கே மேலும் 10 கிலோ அரிசி கொடுத்தால் அது ஆட்டுக்கோ அரை விலைக்கோ போகும். அங்கே தட்டுப்பாடு பருப்புக்கும் எண்ணெய்க்கும். மானிய விலையில் கிடைக்கும் 1 கிலோ துவரம் பருப்பும் 1 லிட்டர் பாமாயிலும் நான்கு பேருக்கு மாதக் கடைசி வரை வராது. நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் துவரம் பருப்பு 2 கிலோ, கொண்டைக்கடலை அல்லது பச்சைப்பயறு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, உப்பு 1 கிலோ, தேயிலையும் மிளகாய்த்தூளும் கால் கால் கிலோ, மஞ்சள்தூள் 100 கிராம், குளியல் சோப்பு 3, துணி சோப்பு 3, சானிட்டரி நாப்கின் 2 பாக்கெட் வைக்கலாம். எல்லாம் எட்டு கிலோவுக்குள் அடங்கும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேட்டில் ஏறி நடக்கிற பெண் அதற்கு மேல் சுமக்கக் கூடாது. சோப்பைத் தனிக் கவரில் கட்டாவிட்டால் இரண்டே நாளில் பருப்பிலும் தேயிலையிலும் அந்த வாசனை ஏறிவிடும், பிறகு வேக வைத்தாலும் போகாது. எண்ணெய்ப் பாக்கெட்டை அடியில் போட்டால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிவதற்குள் ஒன்றிரண்டாவது உடைந்து பை முழுவதையும் நனைக்கும். அதை மேலே வையுங்கள், முடிந்தால் பாட்டிலாக வாங்குங்கள்.

ரேஷன் அட்டை இல்லாதவர்களுக்கும் வேலை தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கும் அரிசியும் கோதுமை மாவும் கட்டாயம் தேவை. அவர்களுக்குத் தனிப் பை போடுவதுதான் சரி.

வீட்டில் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் பிடி அரிசிக் காணிக்கை பல பங்குகளில் இன்றும் இருக்கிறது. நல்ல வழக்கம், விடக்கூடாது. ஆனால் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே டிரம்மில் விழுகின்றன. கலந்ததை உலையில் போட்டால் பச்சரிசி குழையும்போது புழுங்கல் வேகாமல் நிற்கும். வாங்கியவர்கள் முகம் சுளிப்பதில்லை, ஆனால் அந்தச் சோற்றைத் தின்ன முடியாது. புழுங்கலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று இரண்டு டிரம் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது டிரம்மில் உள்ளதை வெயிலில் காயவைத்து, வறுத்து, கஞ்சி மாவாக அரைக்கலாம். மழைக்காலத்தில் டிரம்மை மாதக்கணக்கில் மூடி வைத்தால் வண்டு பிடிக்கும். மாதம் ஒருமுறை காலி செய்வது நல்லது.

கம்பளி டிசம்பர் 25 அன்று கைக்கு வந்தால், அதற்கு முந்தைய குளிரைக் குழந்தைகள் பழைய சேலையைப் போர்த்திக் கழித்திருப்பார்கள். அக்டோபரிலேயே கொடுங்கள். மண்தரை வீட்டில் குளிர் கீழிருந்து ஏறும். மேலே எத்தனை போர்த்தினாலும், கீழே பாயும் ஜமுக்காளமும் இல்லாவிட்டால் முதியவர்களுக்கு உடம்பு சூடாகாது. அதனால் ஒரு வீட்டுக்கு இரண்டு கம்பளி கொடுப்பதைவிட ஒரு கம்பளியும் ஒரு ஜமுக்காளமும் கொடுப்பது மேல். கூரை ஒழுகும் வீட்டுக்கு முதலில் தேவை தார்ப்பாய். மலிவான மெல்லிய நீலத் தார்ப்பாய் ஒரு வெயிலைத் தாங்காது. ஓரத்தில் உலோக வளையம் பதித்த தடித்த பாயாக, கட்டுவதற்கு நைலான் கயிறும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய துணி தருகிறவர்கள் துவைத்து நன்றாகக் காயவைத்துத் தரட்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும், மலையில் மூட்டை பிரிப்பதற்குள் பூசணம் பூத்துவிடும்.

யாருக்கு என்பதை வீட்டுக்குப் போய்த்தான் முடிவு செய்ய வேண்டும். 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீடுகளைச் சந்திப்பதையே இன்றும் முதன்மைப் பணியாகக் கொண்டிருக்கிறது. அதைவிட நல்ல முறை எங்களுக்குத் தெரியவில்லை. போகிறவர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாகிறது, ரேஷன் அட்டையில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது, முதியோர் உதவித்தொகை வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கைரேகை விழாமல் ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் பாட்டிக்கு, வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் எழுதிக் கொடுப்பது மாதா மாதம் பயன் தரும் உதவி.

கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு வீட்டுக்கு மூன்று குழுக்கள் கொடுப்பதும், கடைசி பஸ் ஸ்டாப்புக்கு அப்பால் யாரும் போகாததும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அன்பியங்கள் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பக் குழுக்கள்), சபைகள், ஊரிலுள்ள மற்ற தொண்டு அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே பதிவேடு வைத்தால் இது தீரும். அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் கொடுத்த தேதியும் இருந்தால் போதும். அதைப் பலகையில் ஒட்டவோ பூசையில் வாசிக்கவோ வேண்டாம். பேனரின் கீழ் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். பிள்ளையின் வகுப்பில் அந்தப் படம் சுற்றும். மாற்று மதத்துக் குடும்பங்கள் கோயில் வாசலுக்கு வரத் தயங்கும் என்பதால், பையை வார நாளில் மாலை நேரத்தில் வீட்டிலேயே கொடுப்பது எல்லாருக்கும் நல்லது.

அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும், ஆனால் சேர்ந்த பிறகுதான். விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம், முதல் இரண்டு மாத பஸ் செலவு ஆகியவற்றுக்கு ஜூனிலேயே கையில் பணம் வேண்டும். அந்த இடைவெளியை ஒரு பங்கு எளிதாக அடைக்கலாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு குறிப்பு: வரிக்கழிவுக்கு வருமான வரித்துறையின் அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குப் பணமாகக் கொடுத்தால்தான் வரிக்கழிவு, அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான்; பொருளுக்குக் கிடையாது. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினாலும் கிடையாது.

பங்கை நிர்வகிக்க உதவும் பங்குப் பேரவைகள் ஏப்ரலில் வீடு சந்திப்பை முடித்து, மே இரண்டாம் வாரத்தில் பட்டியலை இறுதி செய்து, மொத்த விலைக்குப் பருப்பும் எண்ணெயும் வாங்கிவிட்டால், ஜூன் முதல் வாரமே முதல் பை மலை ஏறிவிடும். இந்த ஆண்டே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பங்கு உதவிக் குழுவினர்,
சேலம்.