ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் சோதனை நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதாள சாக்கடைக்காகத் தோண்டி, மூடிய பிறகும் சமன்படாமல் கிடக்கும் வேலூர்த் தெருக்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அந்தத் தெருக்களில் ஓடும் கார்களுக்கு வரும் கோளாறைப் பற்றியும், அதைச் சரிசெய்வதாகச் சொல்லி வைக்கப்படும் வீண் செலவைப் பற்றியும் நான் எழுத விரும்புகிறேன்.

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போனால், பல இடங்களில் ஒரு சுற்று ஓட்டிக்கூடப் பார்க்காமல், சக்கரங்களின் அதிர்வை அடக்கும் நான்கு ஷாக் அப்சார்பரும் போய்விட்டன என்று எஸ்டிமேட் எழுதிவிடுகிறார்கள். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி நான்கையும் மாற்றிக்கொண்டு வந்தார். ஆனாலும் பின் இருக்கையில் உட்காருபவர்களுக்குக் குலுக்கல் குறையவில்லை. பிறகு வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய பின் டயர்களில் 45 பிஎஸ்ஐ காற்று இருந்தது. ஒரு டயரின் உட்பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கமும் இருந்தது. டயரை மாற்றி, காற்றைச் சரியான அளவில் பிடித்ததும் கார் பழையபடி ஓடுகிறது. கழற்றிய ஷாக் அப்சார்பர்கள் உண்மையிலேயே கெட்டிருந்தனவா என்பதை அறிய இனி வழியில்லை, ஏனெனில் பழைய பொருள்களை அவரிடம் திருப்பித் தரவேயில்லை.

எனவே சோதனை டயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அதில் ஆட்கள் குறைவாகப் போகும்போது ஓர் அளவும், முழுப் பாரத்துடன் போகும்போது வேறோர் அளவும் கொடுத்திருப்பார்கள். அந்த அளவு டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியது. சித்திரை வெயிலில் வாலாஜாவிலிருந்து நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து உடனே பார்த்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களையும் பார்க்க வேண்டும்: 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் (தரையைத் தொடும் பள்ளவரிகள்) தேயாமல் இருந்தாலும், வெயிலில் நின்றே பழகிய பழைய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய டயர் சிறு கல்லைக்கூட உள்ளே இருப்பவர்களுக்கு உணர்த்திவிடும்.

அடுத்ததாக, கோளாறு எப்போது வருகிறது என்பதை ஓட்டுபவரே கவனித்துச் சொல்ல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. மெதுவாகப் போகும்போது சிறு மேடு பள்ளங்களில் "கடகட" என்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் வண்டி வளைவில் சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடோ அதன் புஷ்ஷோ (ரப்பர் உறை) தேய்ந்திருக்கும்; இவை ஷாக் அப்சார்பரைவிட மிகக் குறைந்த விலையில் கிடைப்பவை. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் "டக்" என்றால் முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியுடன் பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட்டைப் பார்க்கச் சொல்லலாம். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் போல ஆடினால்தான் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும் காரின் ஒவ்வொரு மூலையையும் அழுத்திவிட்டுப் பார்க்கலாம். நல்ல ஷாக் அப்சார்பர் ஒருமுறை எழுந்து அடங்கிவிடும். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து மண் ஒட்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு என்று ஜோடியாக மாற்றினால் போதும். ஒரு பக்கம் கசிந்ததற்காக நான்கையும் மாற்றத் தேவையில்லை.

பொருளை மாற்றும் விதத்திலும் கவனம் வேண்டும். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்துடன் இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷை மாற்றும்போது, கார் தூக்கப்பட்டுச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதுமாக இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். இறுக்கப்பட்ட ரப்பரோ முறுக்கிக்கொண்டே நிற்கும். ஓட்டம் கடினமாகும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குகள் இதை அறிவார்கள். நேரமில்லை என்று விட்டுவிடுவதுதான் வருத்தம். இந்த வேலைகளுக்குப் பிறகு வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்ப்பதும் கட்டாயம்.

சாலையின் பங்கை நான் மறுக்கவில்லை. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டுதலில், மேல்பக்கம் வளைந்த வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றிருந்தது. குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்பட்ட தடைகளை மாநகராட்சி அளந்து பார்த்துத் திருத்த வேண்டும்.

பட்டறை உரிமையாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாடிக்கையாளரை உடன் உட்காரவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்; எந்தச் சோதனையில் எந்தப் பொருள் கெட்டதாகத் தெரிந்தது என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள்; கழற்றிய பொருளைக் கேட்காமலேயே திருப்பிக் கொடுங்கள். கார் வைத்திருப்பவர்களும் இந்த மூன்றும் இல்லாமல் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர் – 9.