வெளிநாடு போய் வந்தவரின் காய்ச்சலை விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் டெங்குச் செய்திக்குக் குறைவிருக்காது. வரத்தான் வேண்டும். ஆனால் நான் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தது வேறொரு நுளம்பின் புண்ணியத்தில். மட்டக்களப்பின் படுவான்கரையில் வீடு வீடாக மலேரியா மருந்தடித்தவன் நான். சட்டி பானையை வெளியே எடுங்கள், சாமியறைக்கும் அடிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், சுவரெல்லாம் வெள்ளைத் திட்டாக்கிவிட்டு வருவோம். அடுத்த வாரமே வீட்டுக்காரம்மா அதன்மேல் சாணி மெழுகி வைத்திருப்பார். பிறகென்ன, நுளம்புக்குக் கொண்டாட்டம்.

இலங்கைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. அத்தோடு கதை முடிந்தது என்று சனம் நினைக்கிறது. நோய்தான் போனது, அதைப் பரப்பும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. நோய்க்கிருமி விமானத்தில் ஆளோடு ஆளாக வந்து இறங்குகிறது.

என் தங்கை மகனின் விஷயத்தைச் சொல்கிறேன். ஆபிரிக்காவில் கட்டட வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை. வந்த கொஞ்ச நாளில் காய்ச்சல். ஒரு தனியார் கிளினிக்கில் டெங்குச் சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. வைரஸ் காய்ச்சல், பனடோல் போடு என்று அனுப்பிவிட்டார்கள். எங்கேயிருந்து வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. பகலில் மூன்று போர்வைக்குள் கிடந்து பல்லைக் கிட்டி நடுங்குகிறான், பிறகு வியர்த்துப் பாய் நனைகிறது, எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்கிறான். அந்த நடுக்கத்தை நான் எத்தனை வாடியில் பார்த்திருப்பேன்! அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், "ஐயா, இவன் ஆபிரிக்காவில் இருந்து வந்தவன், விரலில் குத்தி மலேரியாவுக்குப் பாருங்கள்" என்றேன். இருந்தது. ஆபிரிக்காவில் அதிகம் பிடிக்கும் பல்சிபாரம் வகை, பிந்தினால் மூளையைத் தாக்கி ஆளையே கொண்டுபோய்விடும். நல்ல காலம், சுகமாகிவிட்டான். போகுமுன் அரசாங்கத்தின் மலேரியாத் தடை இயக்கத்தில் கேட்டிருந்தால் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைத்திருக்கும். அனுப்பிய முகவர் அதைச் சொல்லவில்லையாம்.

ஒரு பிள்ளையின் கதைதானே என்று விடவும் முடியாது. அம்பாறைக்குப் பக்கத்து மொனராகலையில் 2018 டிசம்பரில், நாட்டை விட்டே போகாத ஒருவருக்கு மலேரியா வந்தது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவரைக் கடித்த நுளம்பு இவரையும் கடித்திருக்கிறது. உடனே பிடித்ததால் அத்தோடு நின்றது. நிற்காமல் போனால் என்னவாகும் என்பதையும் இந்த நாடு பார்த்துவிட்டது. 1963இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. அடங்கிவிட்டது என்று கையைத் தளர்த்தினார்கள். 1969இல் அது 5 இலட்சத்தைத் தாண்டியது. எங்கள் மேற்பார்வையாளர்மார் இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே எங்களை வேலை வாங்கினார்கள்.

இன்னொன்று. 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். இதற்கு ஆறும் குளமும் தேவையில்லை, கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். மட்டக்களப்பில் கிணறில்லாத வளவு எத்தனை? கிணற்றை வலை போட்டு மூடுவதும், நுளம்புப் புழுவைத் தின்கிற கப்பி மீன் விடுவதும் பெரிய செலவான வேலையல்ல.

டொக்டர்மாரிடம் நான் கேட்பது ஒரேயொரு கேள்வியைத்தான்: காய்ச்சலோடு வருகிறவரிடம் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று கேளுங்கள். கடந்த மாதத்தோடு நிறுத்தாமல் ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிக் கேட்டால் நல்லது. இந்தியாவில் அதிகமுள்ள வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்தும் கிளம்பும். திருவண்ணாமலை, வேளாங்கண்ணி என்று இங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கூட்டிப் போகிறவர்கள் சாப்பாடு, தங்குமிடம் பற்றிச் சொல்வதோடு இதையும் சொல்லி அனுப்பலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். டெங்கு அறிவித்தல் போடும்போது அதன் அடியில் ஒரு வரி சேருங்கள்: வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும், அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மலேரியா மருந்தடிப்பாளர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.