163 மீட்டர் மலைக்கு இத்தனை சாமானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஏன் இப்படிச் சாமான் வாங்கிக் குவிக்கிறோம் என்று என் வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிங்கப்பூரின் ஆக உயரமான மலையான புக்கிட் தீமாவே 163 மீட்டர், செஸ்ட்நட் பூங்காவில் எங்கள் பாதை 8 கிலோமீட்டர் சொச்சம். இதற்குப் போய் ஆல்ப்ஸில் இறங்குகிறவனைப்போல சஸ்பென்ஷன், முழங்கால் கவசம், ஜிபிஎஸ், நாலு ஜோடி டயர் என்று சேர்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

பந்தா கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் ஸ்டோர் ரூமில் கிடப்பதில் பாதிக்கு மேல் பந்தாவால் வந்ததில்லை. என் முதல் வண்டிக்கு 26 அங்குலச் சக்கரம். அப்புறம் 29 வந்தது, 27.5 வந்தது. சரி, சக்கரத்தை மட்டும் மாற்றலாம் என்றால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் பழைய ஃபோர்க்கில் அது நுழையாது, பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் அகலமும் 135 மில்லிமீட்டரிலிருந்து 142, பிறகு 148 என்று போய்விட்டது, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்கூட 31.8 போய் 35 ஆகிவிட்டது. ஒன்றை மாற்றப்போய் நாலை மாற்றுகிறோம். கழற்றியதெல்லாம் நன்றாகவே இருக்கும், தூக்கிப்போட மனசு வராது, புது வண்டி வைத்திருப்பவருக்குக் கொடுத்தாலும் பொருந்தாது. (அகலமான ஹப்பால் சக்கரம் உறுதியாகிறது என்பது உண்மைதான். கடுப்பு அதனால் குறையவில்லை.)

அப்புறம் பயம். கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் என்கிற சின்ன அலுமினியத் துண்டு, அடிபட்டால் பிரேம் தப்பிக்கட்டும் என்று முதலில் தானே வளைகிற மாதிரி செய்தது. பிரேமுக்குப் பிரேம் வடிவம் வேறு, அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. புலாவ் உபின் தீவில் ஒருமுறை எனக்கு அது முறிந்து, படகுத்துறை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து பையில் இரண்டு இருக்கின்றன.

இத்தனைக்கும் இந்த விளையாட்டு ஓட்டை வண்டியில் தொடங்கியது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் ரீபேக் பந்தயம் ஓடியவர்கள் எடுத்தது முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய ஷ்வின் வண்டிகளைத்தான். ஒரே இறக்கத்தில் பின் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும், பந்தயத்துக்கு அந்தப் பெயரே அதனால் வந்தது. அடுத்த வருஷமே அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் புது பிரேம் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் ஸ்டோர் ரூமை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு ஜோடி பெடல் வெளியே போனது. 26 அங்குல ஃபோர்க்கைத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தேன்.

உட்லண்ட்ஸ் வாசகர்