பூட்டில்லாத அலமாரிகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கும், தாத்தா பாட்டிகளுக்கும், இங்கே படித்துப் போன முன்னாள் மாணவர்களுக்கும் தொடக்கப்பள்ளி நிர்வாகக் குழுவின் வணக்கம்.

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். "முயல் ஓடிவிட்டது" என்ற வரியை எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒரு பிழை இல்லாமல் முடித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து, "டீச்சர், முயல் எதை விட்டுச்சு?" என்று கேட்டாள். அதே வரியை யாராவது "முயல் ஓடிருச்சு" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும்.

ஆசிரியை இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது முதலில் எல்லோரும் சிரித்தோம். அப்புறம் ரொம்ப நேரம் அதைப் பற்றியேதான் பேசினோம். நாங்கள் வைத்திருந்த வேறு இரண்டு திட்டங்களைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஆண்டின் பணம், உழைப்பு இரண்டையும் பள்ளியில் புதிதாக அமைக்கும் வாசிப்பு அறைக்கே கொடுப்பது என்று முடிவெடுத்ததற்கு அந்தச் சிறுமியின் கேள்விதான் காரணம்.

முதலில் போன ஆண்டுக் கணக்கு. ஒழுகிக்கொண்டிருந்த கடைசி வகுப்பறையின் கூரை சரிசெய்யப்பட்டது. கழிப்பறைக் கதவுகளின் தாழ்ப்பாள்கள் சின்னக் கைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கப்பட்டன. வாசலில் சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம் வந்துவிட்டது. விளையாட்டுத் திடலில் நிழலுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லியிருந்தோம், அது நடக்கவில்லை. கூரை வேலை நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டதால் அதற்கு ஒதுக்கிய பணமும் அதிலேயே போய்விட்டது. வரவு செலவு முழுவதும் அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

படிப்பில் நல்ல முன்னேற்றம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இப்போது அ, ஆ என்று நெடுங்கணக்கு வரிசையில் தொடங்குவதில்லை. ட, ப, ம என்று எழுத எளிதான வடிவங்களை முதலில் கொடுக்கிறார்கள். அந்த மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் 'படம்', 'மடம்', 'பட்டம்' மூன்றையும் வாசித்துவிடலாம். முதல் சில நாட்களிலேயே தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்ட குழந்தையின் முகத்தை ஒருமுறை வந்து பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. மெய்யோடு சேரும் உயிர்க்குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் பெரும்பகுதி தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் கொஞ்சம் படுத்தும். கு, சு, டு, மு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால் அங்கே எல்லாக் குழந்தைகளும் தடுக்குகிறார்கள். அதற்குக் கூடுதல் வாரங்கள் ஒதுக்கியிருக்கிறோம். எழுத்துக் கூட்டும் வேலையை எங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு முழுமையாக உண்டு.

அதற்கு அடுத்த படிதான் வகுப்பறையால் மட்டும் முடியாத காரியம். காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. பெருக்கல் என்பதால் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நம் சிறுமி முதல் பாதியில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள். இரண்டாவது பாதியில்தான் நின்றுபோனாள். அவளுக்குத் தமிழ் தெரியாதா என்ன? மணிக்கணக்காகப் பேசுவாள். அவள் காதுக்குப் பழக்கமில்லாதது எழுத்துத் தமிழ்தான்.

வீட்டில் "வந்துட்டாங்க" என்கிறோம். புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்றிருக்கிறது. "அங்க இல்ல" என்கிறோம். அது "அங்கே இல்லை" என்று அச்சாகிறது. பெரியவர்களுக்கு இந்தத் தூரம் தெரியவே தெரியாது. கண் வாசிப்பதை மனம் தானே மாற்றிக்கொள்ளும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது கிட்டத்தட்டப் புது மொழி. அந்த மொழி அவர்கள் காதில் அன்போடு விழ ஒரே ஒரு நல்ல வழிதான் உண்டு. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, ஒரு கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க வேண்டும். ஒருமுறை போதாது. பிடித்த கதையை இருபதாவது முறையும் கேட்பார்கள், கேட்கட்டும். இருபதாவது முறையில்தான் "ஓடிவிட்டது" என்பது இயல்பான சொல்லாகிறது.

மூன்றாம் வகுப்பில் நாங்கள் பார்க்கும் சோர்வுக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு சொல்லையும் கூட்டி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகிறது. வேகம் வந்தால்தான் பொருள் நிற்கும். நிறைய வாசித்தால்தான் வேகம் வரும். நிறைய வாசிக்கப் பாடநூல் போதாது. வயதுக்கேற்ற, ஆசை ஆசையாக எடுக்கத் தோன்றும் புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது அறையைப் பற்றி.

கூடத்தின் கடைசியில் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறை நினைவிருக்கிறதா? இரண்டு சனிக்கிழமைகள் பெற்றோர் சேர்ந்து அதைக் காலி செய்து, வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். நல்ல வெளிச்சம் உள்ள அறை. ஆனால் முதல் நாள் அங்கே கதை சொல்லிப் பார்த்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. வெறும் சுவர், வெறும் தரை. பேசுவதெல்லாம் எதிரொலித்துக் குழம்பியது. இதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல் காதில் சரியாக விழாவிட்டால் பெரியவர்கள் முன்னும் பின்னும் வைத்து ஊகித்துவிடுவார்கள். குழந்தைக்கு அந்தச் சொல்லே புதிது என்றால் எதை வைத்து ஊகிக்கும்? வகுப்பறை ஒலியமைப்புக்கான அமெரிக்கத் தரவிதி, இந்த அளவு அறைகளில் எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடியைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை, ஆனால் கைதட்டினால் மணி அடித்ததுபோல் நீளும் அறை நல்லதல்ல என்பது யாருக்கும் கேட்கும். தரைக்குக் கனமான விரிப்பு, ஜன்னல்களுக்குத் துணித் திரை, இரண்டு சுவர்களில் தக்கைப் பலகை போடப் போகிறோம். தக்கைப் பலகையில் குழந்தைகள் தங்கள் படங்களை ஒட்டிக்கொள்ளலாம். நன்கொடையின் முதல் பகுதி இதற்குத்தான் போகும்.

அலமாரி விஷயத்தில் தவறு எங்களுடையது. பெரியவர்கள் உயரத்துக்குச் செய்யச் சொல்லிவிட்டோம். வந்து இறங்கிய அன்றே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கீழ்த்தட்டை மட்டும் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்து, 1.2 மீட்டருக்கு மேல் போகாதபடி மாற்றுகிறோம். குழந்தைகள் ஏறினாலும் சாயாதபடி சுவரோடு இறுக்கிப் பொருத்துவோம். காற்றோட்டத்துக்காகப் பின்னால் சிறிது இடைவெளியும் விடுவோம், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சின்ன வகுப்புகளுக்கு முதுகு தெரியும்படி அடுக்காமல், அட்டை தெரியும்படி நிறுத்தி வைக்கும் சாய்வுத் தட்டுகள் வேண்டும். வாசிக்கத் தெரியாத குழந்தை அட்டைப் படத்தைப் பார்த்துத்தானே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்?

குழுவுக்குள் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. புத்தகங்களை வீட்டுக்குக் கொடுப்பதா, வேண்டாமா? கிழியும், தொலையும், நனையும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் முன்பொரு முறை நமக்குக் கிடைத்த நல்ல புத்தகங்கள் பூட்டிய அலமாரியிலேயே இருந்து செல்லரித்துப் போனதை எங்களில் சிலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது முதல் விதியாக வைத்தது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதை. ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். பூட்டிய அலமாரியும் அதே சங்கிலிதான். வாசித்துக் கிழிந்த புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆகவே வாரம் ஒரு புத்தகம் ஒவ்வொரு குழந்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகும். தொலைந்தாலும் கிழிந்தாலும் அபராதம் கிடையாது. ஒட்டுவதற்கு ஒரு மேசை இருக்கும், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே ஒட்டப் பழகிக்கொள்வார்கள். ஆண்டுதோறும் ஒரு பங்கு புத்தகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தே திட்டமிட்டிருக்கிறோம்.

புத்தகமாகக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பாடநூல், தேர்வு வழிகாட்டி, பக்கம் உதிர்ந்த வார இதழ் வேண்டாம். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, நல்ல படம் உள்ள கதைப் புத்தகங்கள்தான் மிகவும் குறைவாக இருக்கின்றன. பூச்சி, விண்வெளி, எலும்புக்கூடு, இயந்திரம் என்று உண்மைத் தகவல் சொல்லும் புத்தகங்களும் வேண்டும். கதைக்கு மசியாத குழந்தைகள் அவற்றில் விழுந்துவிடுவார்கள். ஒரே புத்தகத்தில் ஐந்தாறு பிரதிகள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஒரு குழுவாக உட்கார்ந்து வாசிக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் சில புத்தகங்கள் இருந்தால் இந்த அறை அவர்களுக்கும் சொந்தமாகும். பார்வைக் குறைவுள்ள குழந்தைகளுக்காகத் தனியாகப் பேரெழுத்துப் புத்தகங்கள் வாங்குகிறோம்.

பணத்தைவிட அரிதாகக் கிடைப்பது நேரம். வாரம் ஒரு முறை, ஒரு பாடவேளை வந்து உரக்க வாசித்துக் காட்ட ஆட்கள் தேவை. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறுத்தி நிதானமாக வாசித்து, நடுவில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். தனக்கு வாசிக்கத் தெரியாதே என்று ஒரு பாட்டி கூச்சத்தோடு சொன்னார். அம்மா, உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் வர வேண்டும். நீங்கள் சொல்லும் கதையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, தைத்துப் புத்தகமாக்கி அதே அலமாரியில் வைப்பார்கள். நீங்கள் பேச்சுத் தமிழில் சொன்னதை அவர்கள் எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது நடக்கும் படிப்பை எந்தப் பயிற்சி ஏடும் தராது.

பண நன்கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று நாங்கள் எதையும் நிர்ணயிக்கவில்லை. முடிந்ததைக் கொடுங்கள். முடியாத ஆண்டாக இருந்தால் கொடுக்க வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் கையில் பணம் கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பில் யார் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுவரவில்லை என்ற பேச்சே எழக் கூடாது. அலுவலகத்தில் நேரில் கொடுத்தாலும், பள்ளிக் கணக்கில் செலுத்தினாலும் ரசீது கட்டாயம் உண்டு. வாசிப்பு அறைக்கெனத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். குழுவிலிருந்து ஒருவரும் பெற்றோரிலிருந்து ஒருவரும் என இருவர் கையெழுத்து இல்லாமல் அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. வந்த மொத்தத் தொகையும் செலவும் மாதாமாதம் பலகையில் வரும்; யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வராது. நன்கொடைக்கும் பிள்ளைகளின் சேர்க்கைக்கும், மதிப்பெண்ணுக்கும், வகுப்பில் உட்காரும் இடத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

விரிப்பு, திரை, தக்கைப் பலகை முதலில். அலமாரி மாற்றம் அடுத்து. புத்தகம் வாங்குவது மூன்றாவது. தேர்ந்தெடுக்கும் நாளில் இரண்டு ஆசிரியர்களோடு நான்கு மாணவர்களும் கூட வருவார்கள். தேவைக்கு மேல் பணம் சேர்ந்தால், போன ஆண்டு சொல்லிவிட்டுச் செய்யாமல் போன திடல் நிழலுக்கு அது போகும்.

வரும் சனிக்கிழமை காலை அறையைத் திறந்து வைத்திருப்போம். தரையில் இன்னும் விரிப்பு இல்லை, அலமாரிகள் பாதி அறுத்த நிலையில் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு குழந்தை வாசித்து முடித்த நல்ல புத்தகம் இருந்தால் கையோடு எடுத்துவாருங்கள். அறைக்கு வரும் புத்தகங்களைப் பதியும் ஏட்டின் முதல் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
பள்ளி நிர்வாகக் குழு