நாலு மணிக்கு அப்புறம் ஒரு மணி நேரம்

வடசென்னையில் பெண்கள் பள்ளி நடத்தும் சிஸ்டர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் என்று எங்கே இருந்தாலும், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை சிஸ்டர் ஸ்கூலில் படித்தவள். இப்போது என் மகளும் அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. ஏனென்றால் இது ஒரு பள்ளியோடு நிற்கிற விஷயம் இல்லை. பக்கத்துத் தெரு அம்மாக்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே டைரியில் குறிப்பு வந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாலை விளையாட்டுப் பயிற்சி கிடையாது, அந்த நேரத்தில் ஸ்பெஷல் கிளாஸ். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. ஒன்றைக் கணக்கு டீச்சரும் இன்னொன்றை அறிவியல் டீச்சரும் எடுத்துக்கொள்கிறார்களாம். என் மகள் ஆறாவதிலிருந்து த்ரோபால் ஆடுகிறவள். அன்றைக்கு அவள் அழவில்லை. ஷூவைக் கழுவிக் காயவைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

1997-ல் நான் ஒன்பதாவது. காசிமேட்டில் எங்கள் வீடு. அம்மா மீன் ஏலம் எடுத்துக் கூடையில் விற்றவர். நான் நாலரைக்குள் வீட்டுக்கு வராவிட்டால் தெருமுனையில் வந்து நிற்பார். வயதுக்கு வந்த பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று பாட்டி கேட்பார், அத்தை கேட்பார், எதிர்வீட்டுக்காரரும் கேட்பார். எங்கள் சிஸ்டர் ஒரு சின்னத் துண்டுத் தாளில் "கேம்ஸ் பிராக்டிஸ், 5.15 வரை" என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுப்பார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வட்ட முத்திரை தெரியும். அதை அஞ்சறைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார், மஞ்சள் கறையோடு. யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "சிஸ்டர் வெச்சிருக்காங்க, சிஸ்டர் பாத்துக்குவாங்க." அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த முத்திரையின் பலம் உங்களுக்கே முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வியாசர்பாடியில் பையன்கள் மைதானத்தில் ஃபுட்பால் ஆடுகிறார்கள். எங்கள் பக்கம் தெருவிலேயே கேரம் போர்டு போட்டு, மேலே குண்டு பல்பைக் கட்டி, ராத்திரி வரை ஆடுகிறார்கள். அதைப் பார்த்து நான் பெருமைப்படுகிறவள்தான். ஆனால் பதினான்கு வயதுப் பெண் அந்தப் போர்டு பக்கத்தில் போய் நிற்க முடியுமா? மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கிறது. சந்துக்குள் பைக்கும் தண்ணீர்க் குடமும். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்தாலே "இங்க என்ன வேலை" என்பார்கள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாத்திரம் தேய்ப்பது என்று வேலை காத்திருக்கும். இந்த ஊரில் ஒரு பெண் ஓடுவதற்கென்று இருப்பது உங்கள் மதிலுக்குள் இருக்கிற கிரவுண்டு மட்டும்தான். அதையும் ஒன்பதாம் வகுப்பில் பூட்டிவிட்டால் அவள் எங்கே போவாள்?

கேரம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டியவரின் மகள் இளவழகி 2008-ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். 2024-ல் நம் செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர், கேரம் பயிற்சியும் கொடுக்கிறவர். மகளுக்கு வீட்டிலேயே பயிற்சியாளர் கிடைத்தார். அப்படி ஓர் அப்பா எத்தனை வீட்டில் இருப்பார்? மற்றப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் பள்ளிதானே நிற்க வேண்டும்! என் மகளின் பள்ளியில் நான்கு கேரம் போர்டு இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பார்த்தேன். ஆய்வகத்து வராந்தாவில் சுவரோடு சாய்த்து, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஒன்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். போரிக் பவுடரின் வழவழப்பு இல்லை, வெறும் தூசி.

விளையாட்டை மட்டும் சொல்லவில்லை. சாரணியர் இயக்கம், ஜூனியர் ரெட் கிராஸ், தமிழ் மன்றம் எல்லாமே எட்டாவதோடு தேய்ந்துவிடுகின்றன. என் காலத்தில் அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவோம். நான் வைக்கோல் பரப்புவேன், பெஞ்சுத் தோழி ஒரு முஸ்லிம் பெண், அவள்தான் ஜிகினாத் தாளில் நட்சத்திரம் வெட்டுவாள். அவள் கை அவ்வளவு நேர்த்தி. யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்ற பேச்சே வராது. இன்றைக்கும் எங்கள் நட்பு அந்தக் குடிலில் தொடங்கியதுதான்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் தெரியும். பப்ளிக் ரிசல்ட் குறைந்தால் முதலில் கேள்வி கேட்பது எங்களைப் போன்ற பெற்றோர்தான். ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரு பி.டி. டீச்சர். சாயங்காலம் யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். எல்லாம் சரி. ஆனால் ஐந்து வயது முதல் பதினேழு வரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மார்க்கைத்தான் பார்க்கிறோம் என்றால், என்ஜினியரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. ஒன்பதாவதில் நிறுத்திவிட்ட பிள்ளை அதற்கு வேண்டிய விளையாட்டுச் சான்றிதழுக்கு எங்கே போவாள்?

1842-ல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில்தான் பள்ளி தொடங்கினார்கள். பெண் பிள்ளையை வீட்டுக்கு வெளியே அனுப்பவே யோசித்த காலம் அது. இத்தாலியப் பாதிரியார் தொன் போஸ்கோ டூரின் நகரத்து ஏழைப் பையன்களை முதலில் விளையாடக் கூப்பிட்டார், அப்புறம்தான் படிப்பும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தார் என்று நன்னெறி வகுப்பில் எங்களுக்குச் சொன்னதே நீங்கள்தான். அதை நம்பித்தான் கேட்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புதனும் வெள்ளியும் நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கிரவுண்டைத் திறந்துவிடுங்கள். பி.டி. பீரியடை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். டெஸ்டில் மார்க் குறைந்த பிள்ளையை இதிலிருந்து நிறுத்தாதீர்கள், அவளுக்குத்தான் இது ரொம்ப வேண்டும். முக்கியமாக, அந்தத் துண்டுத் தாளை மறுபடியும் எழுதிக் கொடுங்கள்.

ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். பழைய மாணவிகள் ஐந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். ஒருத்தி நர்ஸ், முதலுதவிப் பெட்டியோடு வருவாள். எனக்கு த்ரோபால் ரெஃப்ரியாக நிற்கத் தெரியும். பந்தைப் பிடித்தவள் மூன்று நொடிக்குள் எறிந்தாளா என்று இன்றைக்கும் வாய்க்குள் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. சம்பளம் வேண்டாம். கேட்டில் வாட்ச்மேன் அண்ணனிடம் எங்கள் பெயர்களைச் சொல்லி வைத்தால் போதும். இந்தப் புதன்கிழமையே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு பழைய மாணவி